முதலில் பசியைச் சொல்லுங்கள்

ஆயுர்வேதம்: வாசகர் கேள்விகள்

"ஆயுர்வேதத்தின் அடிப்படைகளைக் கேளுங்கள்" என்று போன இதழில் ஆசிரியர் ஒரு பெட்டிச் செய்தி போட்டிருந்தார். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை "இன்ன நோய்க்கு என்ன மருந்து?" என்று கேட்டவை. அவற்றுக்கு இங்கே பதில் இல்லை. கோபித்துக்கொள்ள வேண்டாம், ஏன் இல்லை என்பது படிக்கப் படிக்கப் புரியும். நான் நாகர்கோவிலில் மருத்துவம் பார்க்கிறவள். மலையாளத்துக் குழம்பும் (உடம்பில் தேய்க்கிற மருந்தெண்ணெய்) தமிழ்ச் சூரணமும் ஒரே வீட்டு அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிற ஊர் இது. என் பதில்களிலும் இரண்டு வாசனையும் அடிக்கும்.

வாதம், பித்தம், கபம் என்கிறார்களே, அவை உடம்பில் எங்கே இருக்கின்றன? ஸ்கேன் எடுத்தால் தெரியுமா?
– கல்லூரி மாணவி, திருநெல்வேலி

தெரியாது. எந்த ஸ்கேனிலும் தெரியாது, எந்த ரத்தப் பரிசோதனையிலும் எண்ணாக வராது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. உடம்பு செய்கிற வேலைகளை மூன்றாகப் பிரித்துப் பார்க்கிற முறை இது. அசைவதெல்லாம் வாதத்தின் கணக்கு: மூச்சு போய் வருவது, இமை கொட்டுவது, மலம் இறங்குவது, மனம் ஓரிடத்தில் நிற்காமல் ஓடுவது. மாற்றுவதெல்லாம் பித்தம்: சாப்பிட்ட சோறு செரிப்பது, உடம்புச் சூடு, தோலின் நிறம், கண் பார்ப்பது, கேட்டது புத்தியில் ஏறுவதுகூட. சேர்த்துப் பிடித்து வைப்பது கபம்: மூட்டில் வழவழப்பு, வாயில் எச்சில், உடம்பின் கட்டு, பொறுமை.

இதற்குப் பின்னால் ஐம்பூதங்கள் இருக்கின்றன. காற்றும் வெளியும் சேர்ந்தது வாதம், நெருப்பு மிகுந்தது பித்தம், நீரும் மண்ணும் கபம். ஆனால் வைத்தியர் நாள் முழுக்கப் பூதங்களை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்லை. அவர் கையாள்வது குணங்களை. கனம், லேசு, குளிர்ச்சி, சூடு, நெய்ப்பு, வறட்சி, இப்படி 10 ஜோடியாக 20 குணங்கள். வாதம் வறண்டது, லேசானது, குளிர்ந்தது, அசைவது. நீங்கள் இரவுப் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து காற்று வாங்குகிறீர்கள், முறுக்கும் கடலையும் கொறிக்கிறீர்கள், தூக்கம் கெடுகிறது. காற்று, வறட்சி, குளிர், அசைவு எல்லாம் ஒரே ராத்திரியில். மறுநாள் வயிறு உப்புகிறது, மலம் இறுகுகிறது, இடுப்பு பிடிக்கிறது. வாதம் கூடிவிட்டது என்று நாங்கள் சொல்வது இதைத்தான். ஒத்தது கூட்டும், எதிரானது தணிக்கும் என்பது விதி. ஆகவே சூடான ரசம் சாதத்தில் கொஞ்சம் நெய், வெந்நீர்க் குளியல், இடுப்பில் எண்ணெய், நல்ல தூக்கம். மருந்துக் கடைக்குப் போகாமலே முடிந்துவிடுகிற விஷயம்.

எங்கே இருக்கின்றன என்று கேட்டீர்கள். மூன்றும் உடம்பு முழுக்க இருக்கின்றன, ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைமையிடம் உண்டு. தொப்புளுக்குக் கீழே வாதம், மார்புக்கும் தொப்புளுக்கும் நடுவே பித்தம், அதற்கு மேலே கபம் என்று, அஷ்டாங்க ஹிருதயம் என்ற மூலநூலை எழுதிய வாக்படர் பிரித்திருக்கிறார். காலமும் உண்டு. பிள்ளைப் பருவம் கபத்தின் காலம் (சளி வடிகிற மூக்கைப் பார்த்தாலே தெரியும்), நடுவயது பித்தம், முதுமை வாதம். ஒரு நாளையும் ஒரு வேளைச் சாப்பாட்டுச் செரிமானத்தையும்கூட அவர் இதே மூன்றாகப் பிரிக்கிறார்.

இணையத்தில் ஒரு டெஸ்ட் செய்தேன். என் உடம்பு பித்த உடம்பு என்று வந்தது. இனி காரமே சாப்பிடக் கூடாதா?
– மென்பொருள் பணியாளர், ஓசூர்

பிறவியில் அமைகிற கலவைக்குப் பிரகிருதி என்று பெயர். அது ஆயுள் முழுக்க மாறாது என்பது நூல்களின் கொள்கை. ஒல்லியான தேகம், வறண்ட தோல், லேசான தூக்கம் என்றால் வாதம் தூக்கல். சீக்கிரம் நரைப்பது, கோபம், பசி பொறுக்காமை என்றால் பித்தம். உறுதியான தேகம், ஆழ்ந்த தூக்கம், நிதானம் என்றால் கபம். பெரும்பாலானவர்கள் இரண்டின் கலவைதான்.

அந்த டெஸ்ட்களில் ஒரு கோளாறு இருக்கிறது. "அடிக்கடி நெஞ்செரிச்சல் வருமா?" என்று கேட்கிறார்கள். இரண்டு மாதமாக இரவு வேலை பார்த்து, காபியிலேயே காலம் தள்ளினால் யாருக்கும் நெஞ்சு எரியும். அது இப்போது வந்த கோளாறு, உங்கள் பிறவி அமைப்பு ஆகாது. இரண்டையும் பிரித்துப் பார்ப்பதுதான் வைத்தியரின் முதல் வேலை. காரத்தைக் குறையுங்கள், தப்பில்லை. ஆனால் தூங்குகிற நேரத்தைச் சரி செய்யாமல் மிளகாயைக் குறை சொல்லிப் பயனில்லை.

மூட்டு வலிக்காக ஆயுர்வேத மருத்துவரிடம் போனேன். வலியைப் பற்றிக் கேட்டதைவிட, பசிக்கிறதா, மலம் போகிறதா, நாக்கைக் காட்டுங்கள் என்றுதான் நிறையக் கேட்டார். மூட்டில் எண்ணெய் தேய்க்கவே கூடாது என்றும் சொல்லிவிட்டார். ஆயுர்வேதம் என்றாலே எண்ணெய்தானே அம்மா?
– இல்லத்தரசி, தேனி

உங்களுக்குக் கிடைத்திருப்பவர் நல்ல வைத்தியர். விட்டுவிடாதீர்கள்.

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் ஆயுர்வேதத்தின் மையம் இங்கேதான் இருக்கிறது. எல்லோரும் வாதம், பித்தம், கபம் என்ற முக்குற்றங்களைப் பற்றியே பேசுகிறார்கள். என்னைக் கேட்டால், முதலில் பேச வேண்டியது அக்னியைப் பற்றி. வயிற்றில் உணவைச் செரிப்பது ஜாடராக்னி. அது தவிர பூதங்களுக்கு ஐந்து, உடம்பின் ஏழு தாதுக்களுக்கு ஏழு என்று மொத்தம் 13 அக்னிகளைச் சொல்வார்கள். மற்ற 12-க்கும் பலம் தருவது ஜாடராக்னி. அது நான்கு நிலையில் இருக்கலாம். நேரத்துக்குப் பசித்து நேரத்துக்குச் செரித்தால் சமம். ஒருநாள் பசி, ஒருநாள் உப்புசம் என்றால் விஷமம், அது வாதத்தின் வேலை. எவ்வளவு சாப்பிட்டாலும் மறுபடி பசித்து எரிந்தால் தீட்சணம், பித்தம். கொஞ்சம் சாப்பிட்டாலும் கல்லைப் போட்ட மாதிரி கிடந்தால் மந்தம், கபம்.

சாப்பாடு செரித்து ரசமாகிறது. ரசத்திலிருந்து ரத்தம், அதிலிருந்து மாமிசம், பிறகு கொழுப்பு, எலும்பு, மஜ்ஜை, கடைசியில் சுக்கிலம். ஒன்று அடுத்ததை ஊட்டுகிறது. அக்னி மந்தமாக இருந்தால் முதல் படியிலேயே கோளாறு: அரைவேக்காட்டுச் சோறு மாதிரி, உணவாகவும் இல்லாமல் கழிவாகவும் இல்லாமல் பிசுபிசுவென்று ஒன்று தங்கிவிடுகிறது. அதற்கு ஆமம் என்று பெயர். நாக்கில் வெள்ளையாக மாவு படிவது, காலையில் எழுந்ததுமே உடம்பு கனப்பது, பசியில்லாமை, வாயில் ருசியில்லாமை, மலத்தில் பிசுக்கு எல்லாம் அதன் அடையாளங்கள். உங்கள் வைத்தியர் நாக்கைப் பார்த்தது இதற்காகத்தான்.

இந்த ஆமம் வாதத்தோடு சேர்ந்து மூட்டில் போய் உட்கார்ந்தால் ஆமவாதம். மாதவ நிதானம் என்ற நோய்க்கணிப்பு நூல் இதைத் தனி நோயாக விரித்துச் சொல்கிறது. மூட்டு வீங்கும், தொட்டால் சுடும், காலையில் விரல் மடங்காது, கூடவே பசி போய்விடும். வயதானவர்களுக்குத் தேய்மானத்தால் வருகிற சந்திவாதம் வேறு: படி ஏறினால் வலி, மூட்டில் கடகடவென்று சத்தம், ஆனால் பசிக்குக் குறைவிருக்காது. இரண்டும் "மூட்டு வலி"தான். சிகிச்சையோ நேர் எதிர். சந்திவாதத்துக்கு எண்ணெய் பெரிய துணை, ஏனென்றால் அங்கே வறட்சி. ஆமவாதத்தில் எண்ணெய் தேய்த்தால் ஏற்கெனவே இருக்கிற பிசுக்கோடு இன்னும் பிசுக்கு சேரும், வீக்கம் கூடும். அங்கே மணலை வறுத்துத் துணியில் கட்டி உலர்ந்த ஒத்தடம் கொடுப்போம். சாப்பாட்டைக் குறைத்துக் கஞ்சியில் வைப்போம். சுக்கு கொதித்த நீர் கொடுப்போம். உள்ளுக்கு ஆமணக்கு எண்ணெய்கூடக் கொடுப்போம். தேய்க்க எண்ணெய் கூடாது என்று சொல்லிவிட்டு குடிக்க எண்ணெய் கொடுக்கிறாரே என்று குழம்ப வேண்டாம், அது பேதிக்கு.

எங்கள் பக்கத்தில் கை வீங்கினாலும் கால் வீங்கினாலும் குழம்பை எடுத்துத் தேய்த்துவிட்டு, அதிகமானபிறகு வருகிறவர்கள் உண்டு. ஆகவேதான் "மூட்டு வலிக்கு என்ன மருந்து?" என்ற கடிதங்களுக்கு நான் பதில் எழுதுவதில்லை. யாருக்கு வலி, அவருக்குப் பசி எப்படி என்று தெரியாமல் எழுதினால், அதைப் படிக்கிற பாதிப் பேருக்கு அது தப்பான மருந்து.

உங்களுக்கு ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். காலையில் விறைப்பு, இரண்டு கையிலும் சின்ன மூட்டுகளில் வீக்கம் என்றால், முடக்குவாதத்துக்கான ரத்தப் பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள். மூட்டுவாத நிபுணர் ஒருவரையும் பாருங்கள். அந்த நோய் மூட்டை நிரந்தரமாகக் கெடுக்கக்கூடியது, தொடக்கத்திலேயே பிடிக்க வேண்டும். உங்கள் ஆயுர்வேத மருத்துவர் அதற்குத் தடை சொல்ல மாட்டார்.

சித்தாவும் ஆயுர்வேதமும் ஒன்றுதானா?
– வாசகர், தஞ்சாவூர்

பங்காளிகள். முக்குற்றமும் பஞ்சபூதமும் அறுசுவையும் இருவருக்கும் பொது. கடுக்காய், சுக்கு, திப்பிலி எல்லாம் இரண்டு வீட்டு அஞ்சறைப்பெட்டியிலும் இருப்பவை. சித்தர்கள் தமிழில் பாடினார்கள், அவர்கள் மருந்தில் பாதரசமும் கந்தகமும் உப்புக்களும் பெரிய இடம் பிடித்தன. நாடியும், சிறுநீரில் எண்ணெய்த் துளி விட்டுப் பார்க்கிற நெய்க்குறியும் அவர்களுடைய தனிப் பலம். ஆயுர்வேதத்தின் மூலநூல்கள் வடமொழியில் இருக்கின்றன. சரகம், சுசுருதம், வாக்படரின் அஷ்டாங்க ஹிருதயம் மூன்றும் பெரியவை. கேரளத்தில் மூன்றாவதற்குத்தான் முதல் மரியாதை. எது மூத்தது என்ற சண்டைக்கு நான் வரவில்லை. "மிகினும் குறையினும் நோய்செய்யும் நூலோர் வளிமுதலா எண்ணிய மூன்று" என்று வள்ளுவர் சொன்னபோது எந்த நூலோரை நினைத்தார் என்று அவரும் சொல்லவில்லை.

நெல்லிக்காய் புளிக்கிறது. புளிப்பு பித்தம் என்கிறார்கள். பிறகு பித்தத்துக்கு நெல்லிக்காயை ஏன் கொடுக்கிறார்கள்?
– பள்ளி ஆசிரியை, திண்டுக்கல்

இந்த மாதத்தின் சிறந்த கேள்வி இது. சுவைக்கணக்கு முதலில். இனிப்பு, புளிப்பு, உப்பு மூன்றும் வாதத்தைத் தணிக்கும், கபத்தைக் கூட்டும். கார்ப்பு, கசப்பு, துவர்ப்பு மூன்றும் கபத்தைக் குறைக்கும், வாதத்தைக் கூட்டும். பித்தத்தைத் தணிப்பவை இனிப்பு, கசப்பு, துவர்ப்பு. மற்ற மூன்றும் அதை ஏற்றும். இதன்படி புளிப்பான நெல்லி பித்தத்தை ஏற்றத்தான் வேண்டும்.

ஆனால் நாக்கு சொல்வது முதல் தகவல் மட்டுமே. ஒரு பொருளுக்கு வீரியம் உண்டு: உடம்பில் அது சூடு காட்டுகிறதா, குளிர்ச்சி காட்டுகிறதா என்பது. விபாகம் உண்டு: செரித்து முடிந்தபின் அது எந்தச் சுவையின் வேலையைச் செய்கிறது என்பது. நெல்லிக்காயில் உப்பு தவிர ஐந்து சுவையும் இருப்பதாகச் சொல்வார்கள், புளிப்பு தூக்கல். வீரியம் குளிர்ச்சி, விபாகம் இனிப்பு. அதனால் பித்தம் தணிகிறது. கடுக்காயிலும் உப்பு தவிர அதே ஐந்து சுவை, ஆனால் வீரியம் சூடு. திப்பிலி நாக்கில் காரம், செரித்தபின் இனிப்பு, ஆகவே மிளகைப் போல வறட்டுவதில்லை. இவற்றில் எதற்கும் பிடிபடாமல் ஒரு பொருள் தன் போக்கில் வேலை செய்தால் அதற்குப் பிரபாவம் என்று பெயர் வைத்தார்கள். காரணம் தெரியவில்லை, வேலை செய்கிறது என்பதை இவ்வளவு நாகரிகமாகச் சொன்னவர்கள் வேறு யாரும் இருப்பார்களா தெரியவில்லை.

ராத்திரி தயிர் சாப்பிடலாமா? வெந்நீரில் தேன் கலந்து குடிக்கலாமா?
– பலர்

ராத்திரி தயிர் வேண்டாம், மோர் பரவாயில்லை. தேனைச் சூடாக்கக் கூடாது என்பது நூல் விதி, கை பொறுக்கிற அளவுக்கு ஆறிய நீரில் கலந்துகொள்ளுங்கள். தேனையும் நெய்யையும் சம எடையில் கலப்பதையும் நூல்கள் தடுக்கின்றன. ஒரு வயதுக்குள் இருக்கிற குழந்தைக்குத் தேனை நாக்கில்கூடத் தடவ வேண்டாம். பச்சைக் குழந்தைக்குத் தேன் தொட்டு வைக்கிற வழக்கம் நம்மிடம் உண்டுதான். இருந்தாலும் அதிலிருந்து கடுமையான நச்சுநோய் வரலாம் என்று இன்று தெரிந்தபிறகு வழக்கத்தைப் பிடித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை.

ஆங்கில மருந்துக்குத்தான் பக்கவிளைவு, ஆயுர்வேதத்துக்குக் கிடையவே கிடையாது என்று என் மாமனார் அடித்துச் சொல்கிறார். உண்மையா?
– வாசகி, சேலம்

உங்கள் மாமனாருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அது தப்பு என்றும் சொல்லுங்கள். முறையாகச் சேர்த்தால் கொடிய விஷமும் நல்ல மருந்தாகும், முறைகெட்டால் நல்ல மருந்தும் விஷமாகும் என்று சரகமே சொல்கிறது. பக்கவிளைவு இல்லாத மருந்துக்கு இந்த எச்சரிக்கை எதற்கு?

இருமலுக்கு அதிமதுரத்தைச் சப்புகிறோம். அதையே நாள்கணக்கில் அளவில்லாமல் எடுத்தால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் குறையும். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் அறியாமல் இதைச் செய்தால் வம்பு. சேராங்கொட்டையைச் சுத்தி செய்யாமல் தொட்டாலே தோல் கொப்பளிக்கும். அரிஷ்டங்களும் ஆசவங்களும் வெல்லம் போட்டுப் புளிக்க வைத்தவை, அவற்றில் தானே உண்டான மதுச்சத்து உண்டு. லேகியம் என்றாலே சர்க்கரையோ வெல்லமோதான். நீரிழிவு உள்ளவர்கள் "மூலிகைதானே" என்று கரண்டி கரண்டியாகச் சாப்பிடுகிறார்கள்.

பிறகு உலோகம். 2004-இல் அமெரிக்காவின் பாஸ்டன் பகுதிக் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்ததில் 14-இல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஒன்றோ பலவோ இருந்தன. ரச மருந்துகளில் உலோகத்தை வேண்டுமென்றே, பல சுத்திகளுக்குப் பிறகு சேர்ப்பது நம் மரபில் உண்டு. ஆனால் அதைச் செய்கிறவர் சரியாகச் செய்தாரா என்பதைச் சூரணத்தின் நிறத்தைப் பார்த்து உங்களாலும் சொல்ல முடியாது, என்னாலும் சொல்ல முடியாது. ஆகவே பொட்டலம் கட்டிக் கொடுக்கிற பெயரில்லாத பொடியை வாங்காதீர்கள். தயாரிப்பு உரிம எண், தொகுதி எண், உட்பொருட்கள், காலாவதித் தேதி எல்லாம் லேபிளில் இருக்க வேண்டும். 1940-ஆம் ஆண்டு மருந்துச் சட்டம் ஆயுர்வேதத்துக்கும் பொருந்தும். அதன் விதிகளில் நச்சுப் பொருட்களுக்கென்று ஒரு பட்டியல் இருக்கிறது, அவை சேர்ந்த மருந்தில் "மருத்துவர் மேற்பார்வையில் உட்கொள்ளவும்" என்ற எச்சரிக்கை அச்சாகியிருக்கும். கர்ப்பிணிகள், பால் கொடுப்பவர்கள், சிறுநீரகமோ கல்லீரலோ சரியில்லாதவர்கள் யாரையும் கேட்காமல் எதையும் எடுக்க வேண்டாம்.

சர்க்கரை நோயை 90 நாளில் அடியோடு தீர்ப்பதாக விளம்பரம் பார்த்தேன். இன்சுலினை நிறுத்திவிடலாமா?
– வாசகர், மதுரை

நிறுத்தாதீர்கள். ஆபத்து. அப்படி விளம்பரம் செய்வதே குற்றம். மாய நிவாரண விளம்பரங்களுக்கு எதிரான 1954-ஆம் ஆண்டுச் சட்டத்தில் நீரிழிவு பெயர் சொல்லியே இருக்கிறது. உணவு, நடை, தூக்கம், துணை மருந்து என்று ஆயுர்வேதம் உதவக்கூடிய இடங்கள் நிறைய இருக்கின்றன. அவற்றால் சர்க்கரை அளவு குறைந்தால், மருந்தளவைக் குறைப்பது உங்கள் நீரிழிவு மருத்துவர் கையில்.

மலைப்பிரதேச ரிசார்ட்டில் மூன்று நாள் பஞ்சகர்மா பேக்கேஜ். போகலாமா?
– தம்பதி, கோயம்புத்தூர்

போங்கள். நல்ல காற்று, நல்ல எண்ணெய், நல்ல ஓய்வு. ஆனால் நீங்கள் பஞ்சகர்மா செய்துகொண்டதாக வெளியே சொல்லாதீர்கள்.

வாந்தி, பேதி, வஸ்தி (ஆசனவாய் வழியே மருந்து செலுத்துவது), நசியம் (மூக்கில் மருந்து விடுவது), ரத்தம் எடுத்தல் என்பவை ஐந்து கர்மங்கள். சரகர் ரத்தம் எடுப்பதைச் சேர்க்காமல் வஸ்தியை இரண்டாக எண்ணுவார். உழிச்சிலும் (எண்ணெய் தேய்த்து உருவிவிடுவது) நெற்றியில் தைலம் ஊற்றுவதும் இந்த ஐந்தில் வராது. உண்மையான முறைக்கு முன்தயாரிப்பு உண்டு. மருந்து சேர்ந்த நெய்யை நாளுக்கு நாள் கூட்டிக் குடிக்க வேண்டும், இதற்கே மூன்று முதல் ஏழு நாள் ஆகும். பிறகு வியர்வை. பிறகுதான் வாந்தியோ பேதியோ. அது முடிந்ததும் நேராகப் பிரியாணிக்குப் போக முடியாது. நீர்த்த கஞ்சி, கெட்டிக் கஞ்சி, பருப்பு நீர் என்று அக்னியை மெல்ல மெல்ல எழுப்ப வேண்டும். மூன்று நாளில் இதில் எது முடியும்? எல்லோருக்கும் இது தேவையும் இல்லை, மெலிந்தவர்களுக்கும் மிக முதியவர்களுக்கும் வாந்தி, பேதி கொடுப்பது கெடுதல். எங்கள் பக்கம் மலையாளக் கர்க்கடக மாதத்தில், அதாவது ஆடியில், மழைக்காலச் சிகிச்சைக்கு வருகிறவர்களில் பலரை மருந்துக்கஞ்சியும் எண்ணெயும் மட்டும் கொடுத்து அனுப்புவேன். ஏமாற்றத்தோடுதான் போவார்கள்.

நான் பேருந்து நடத்துநர். வேலை நேரத்தில் சிறுநீரை அடக்க வேண்டியிருக்கிறது. தவறா?
– வாசகி, விழுப்புரம்

தவறு உங்களுடையது இல்லை அம்மா, கழிப்பறை கட்டாதவர்களுடையது. அடக்கக் கூடாத 13 வேகங்களில், அதாவது உடம்பின் இயல்பான உந்துதல்களில், சிறுநீரைத்தான் சரகர் முதலில் எண்ணுகிறார். மலம், தும்மல், ஏப்பம், கொட்டாவி, பசி, தாகம், தூக்கம், கண்ணீர் எல்லாம் அதே பட்டியலில் வரும். அழுகையையும் அடக்காதே என்கிறார், கவனியுங்கள். பேராசை, பொறாமை, கோபம் போன்றவற்றை அடக்கு என்று இன்னொரு பட்டியலும் வைத்திருக்கிறார். நாம் அதைத் தலைகீழாகச் செய்கிறோம். பேருந்து நிற்கிற ஒவ்வொரு நிலையத்திலும், தேவை தோன்றாவிட்டாலும், போய்விட்டு வாருங்கள். போக இடமில்லையே என்று தண்ணீர் குடிப்பதைக் குறைக்காதீர்கள். எரிச்சல் இருந்தால் சிறுநீர்ப் பரிசோதனை அவசியம்.

நான் ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியர். இதற்கெல்லாம் ஆதாரம் உண்டா, இல்லை நம்பிக்கை மட்டும்தானா?
– வாசகர், நாமக்கல்

ஐயா, இரண்டும் கலந்திருக்கிறது. பிரித்துச் சொல்கிறேன்.

ஆதாரம் உள்ளதற்கு ஓர் உதாரணம், பவுத்திரத்துக்கு (ஆசனவாய்ப் பக்கம் வருகிற புரை) நாங்கள் கட்டுகிற க்ஷாரசூத்திரம் என்ற மருந்து நூல். நூலில் கள்ளிப்பாலையும் நாயுருவிச் சாம்பலின் காரத்தையும் மஞ்சளையும் அடுத்தடுத்து 21 பூச்சு பூசி உலர்த்துவார்கள். அந்த நூலைப் புரைவழியில் செலுத்திக் கட்டி, வாரம் ஒருமுறை மாற்றுவோம். 1991-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பல மருத்துவமனைகளில் இதை அறுவை சிகிச்சையோடு ஒப்பிட்டது. ஆறுவதற்கு எங்கள் நூலுக்கு 8 வாரம், அறுவைக்கு 4 வாரம். ஆனால் திரும்பி வந்தது நூலில் 4 சதவீதம், அறுவையில் 11 சதவீதம். நல்லதும் கெட்டதும் ஒரே தாளில் வந்த ஆய்வு, அதனால்தான் எனக்கு அது பிடிக்கும்.

இன்னொன்று சர்ப்பகந்தி வேர். 1931-இல் கல்கத்தாவைச் சேர்ந்த சென், போஸ் என்ற இரு மருத்துவர்கள் அது ரத்த அழுத்தத்தையும் மனக்கலக்கத்தையும் தணிப்பதாக எழுதினார்கள். 1949-இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல் அதைப் பற்றிப் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் எழுதியபிறகு உலகம் திரும்பிப் பார்த்தது. 1952-இல் ரெசர்பின் என்ற சத்தைப் பிரித்தெடுத்தார்கள். அது சிலருக்கு மனச்சோர்வைக் கொண்டுவருவதும் பின்னால் தெரிந்தது. மாமனார் கேள்விக்கு இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

முக்குற்றக் கொள்கையை ஆய்வுக்கூடத்தில் யாரும் நிறுவிவிடவில்லை. நோயாளியைக் கவனிக்க எனக்கு அது நல்ல சட்டகம். பசி, தூக்கம், மலம், மனம், பருவகாலம் எதையும் விட்டுவிடாமல் கேட்க வைக்கிறது. அதற்கு மேல், அணுக்கொள்கைக்குச் சமம் என்றெல்லாம் மேடையில் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கூச்சமாக இருக்கும். நிறைய மருந்துகளுக்குச் சரியான ஆய்வு இன்னும் நடக்கவில்லை. நடக்க வேண்டும், தோற்றால் தோற்றது என்று ஒப்புக்கொள்ளவும் வேண்டும்.

அந்தக் காலத்திலேயே மூக்கு ஒட்டும் அறுவை சிகிச்சை செய்தார்கள் என்பது கதையா?
– பத்தாம் வகுப்பு மாணவன், காரைக்குடி

கதை இல்லை தம்பி. சுசுருதத்தில் இருக்கிறது. கன்னத்துத் தோலைத் திருப்பி மூக்கில் பொருத்தும் முறையை அது விவரிக்கிறது. 101 மழுங்கல் கருவிகளையும் 20 கூர்க்கருவிகளையும் கணக்குச் சொல்கிறது. மாணவர்கள் பூசணி, சுரைக்காய் போன்ற காய்களில் வெட்டிப் பழக வேண்டும் என்கிறது. 1794-இல் லண்டன் பத்திரிகை ஒன்றில், புணே பக்கத்தில் நெற்றித்தோலைக் கொண்டு ஒருவருக்கு மூக்கு அமைத்த செய்தி படத்தோடு வந்தது. அதைப் படித்துத்தான் ஐரோப்பிய மருத்துவர்கள் முயன்றார்கள். அதைச் செய்தவர் ஏட்டுப் பண்டிதர் இல்லை, செங்கல் சூளைத் தொழில் செய்யும் சாதியைச் சேர்ந்தவர் என்று அந்தச் செய்தி சொல்கிறது. நூலில் இருந்தது எப்படியோ கைத்தொழில்காரர்களிடம் தங்கியிருக்கிறது. நூலை ஓதினவர்கள் கத்தியைக் கீழே போட்டுவிட்டார்கள். பரீட்சையில் இந்தக் கடைசி வரியை எழுதாதே, மதிப்பெண் வராது.

நாடி பிடித்தே எல்லா நோயையும் சொல்கிறவரிடம் போகலாமா? நல்ல வைத்தியரை எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகர், தூத்துக்குடி

நாடி ஒரு வழி, எல்லாம் அது இல்லை. ஆயுர்வேதத்தில் நாடி பார்ப்பது பிற்காலத்தவரான சார்ங்கதரர் நூலிலிருந்துதான் வருகிறது, பழைய நூல்கள் பார்த்தல், தொடுதல், கேட்டல் என்ற மூன்றையே சொல்கின்றன. கேள்வியே கேட்காமல் கையைப் பிடித்ததும் பட்டியல் ஒப்பிக்கிறவர் எனக்கு ஒத்துவராது.

ஆயுர்வேதப் பட்டமான பி.ஏ.எம்.எஸ். படித்தவரா என்று பாருங்கள். நாலரை ஆண்டு படிப்பு, ஓராண்டு பயிற்சி. பதிவு எண்ணைக் கேளுங்கள், கேட்டால் கோபப்படுகிறவர் வேண்டாம். உங்கள் பழைய மருந்துச்சீட்டுகளைப் படிக்கிறாரா, தன்னால் முடியாததை வேறு மருத்துவரிடம் அனுப்புகிறாரா என்று கவனியுங்கள்.

நோயாளிக்கும் இலக்கணம் உண்டு. வைத்தியர், மருந்து, உதவியாள், நோயாளி என்ற நான்கு கால்களில் சிகிச்சை நிற்கிறது என்பார் சரகர். "உற்றவன் தீர்ப்பான் மருந்துழைச் செல்வான்" என்று குறளும் அதே நால்வரைச் சொல்கிறது. நோயாளிக்கு வேண்டியவையாகச் சரகர் சொல்பவை நான்கு: ஞாபகம், சொன்னதைக் கேட்பது, பயப்படாமை, தன் நோயை மறைக்காமல் விவரிப்பது. ஆகவே வேறு மருத்துவரிடம் வாங்கிச் சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். வைத்தியர் திட்டுவாரோ என்று எதையும் வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். போகிற அன்று காலையில் பல் துலக்கலாம், நாக்கை மட்டும் வழிக்காமல் போங்கள்.